லினக்ஸில் 777 போடலாமா? ஃபைல் காப்பி, பெர்மிஷன்... தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

செஞ்சி ராஜகிரி கோட்டை உச்சிக்கு ஏறியவங்களுக்குத் தெரியும். கடைசியில் ஒரு பிளவு, அதைத் தாண்ட சின்னப் பாலம். பாலத்தை எடுத்துட்டா யாரும் மேலே போக முடியாது. லினக்ஸ் ஃபைலுக்கு அந்தப் பாலம்தான் பெர்மிஷன். 2011ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் 'பாஸ் லினக்ஸ்' பார்த்தவங்களுக்கு இது புதுசு இல்ல.

டெர்மினலில் 'சிபி' என அடித்து, ஃபைல் பெயர், போக வேண்டிய இடம் கொடுத்தால் காப்பி ஆகிவிடும். ஆனா உஷார்! அங்கே அதே பெயரில் ஃபைல் இருந்தால், கேட்காமலே மேலே எழுதிவிடும். பழையது போச்சு. '-ஐ' ஆப்ஷன் சேர்த்தால் முதலில் உங்களைக் கேட்கும்.

பெர்மிஷனை மாற்றுவது 'சிஎச்மாட்'. படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டிக்கணும். மூன்று இலக்கங்கள் வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவர்களுக்கு. 640 என்றால் நீங்கள் படிக்கலாம், எழுதலாம். குழு படிக்க மட்டும். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஆதார், பட்டா ஸ்கேனுக்கு 600 போதும்.

'பெர்மிஷன் டினைட்' வந்ததும் 777 போடுறது பலரின் பழக்கம். அப்புறம் அந்த ஃபோல்டருக்குள் வர முடிகிற எந்த யூசரும் ஃபைலை மாற்றலாம். அதுக்கு முன்னாடி 'எல்எஸ் -எல்' அடித்து, ஃபைல் யார் பெயரில் இருக்குன்னு பாருங்க. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.