வீட்டுக்குள் ஒரு விமானம்: சிமுலேட்டர் வந்த கதை



போன மாதம் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தபோது நம்மவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "அண்ணாச்சி, பையன் பிளஸ் டூ முடிக்கப் போறான். பைலட் ஆகணுங்கான். கம்ப்யூட்டர்லயே 300 மணி நேரம் ஓட்டிட்டேன், பாதிப் படிப்பு முடிஞ்ச மாதிரிங்கான். வீட்டை அடகு வச்சுப் பணம் கட்டலாமா?" என்று கேட்டார்.

வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனிடம் கடனைப் பற்றிக் கேட்பது சகஜம். ஓய்வுக்குப் பிறகு நானும் அதே சிமுலேட்டரில் பறக்கக் கற்று வருவது அவருக்குத் தெரியும். அவரிடம் சொன்னதை, அவர் அனுமதியோடு உங்களுக்கும் சொல்கிறேன். அதற்கு நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

பறக்கக் கற்பது அன்றும் பணக்காரர் காரியம்தான். நம் நாட்டில் முதல் பைலட் உரிமம் 1929இல் ஜே.ஆர்.டி. டாட்டாவுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே சென்னையில் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் வந்துவிட்டது. ஆனால் மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளை அந்த வாசலை எட்டிப் பார்க்க முடியுமா?

அமெரிக்காவிலும் அதே கதைதான். எட்வின் லிங்க் என்ற பதினாறு வயதுப் பையன் 1920இல் 50 டாலர் கொடுத்து முதல் பாடத்துக்குப் போனான். பைலட் வானத்தில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினாரே தவிர, பையனைக் கட்டுப்பாட்டுக் கருவியைத் தொடக்கூட விடவில்லை. இவ்வளவு பணம் கொடுத்து இப்படியா கற்பது என்ற கேள்வி அவன் மனதில் தங்கிவிட்டது.

லிங்கின் அப்பா பிங்ஹாம்டன் ஊரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கன் என்பது துருத்திக் காற்றில் பாடும் வாத்தியம். அந்தத் துருத்திகளையே எடுத்து ஒரு சின்ன மரக் கூண்டுக்கு அடியில் பொருத்தினார் லிங்க். உள்ளே இருப்பவர் கைப்பிடியை இழுத்தால் துருத்தியில் காற்று ஏறி இறங்கும்; கூண்டு விமானம் போலவே சாயும், நிமிரும். 1929இல் இது தயாரானது. விமானப் பள்ளிகள் சீந்தவில்லை. வாங்கியவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்!

1934இல் நிலைமை மாறியது. அமெரிக்க அரசு விமானத் தபாலை ராணுவத்திடம் ஒப்படைத்தது. தெளிந்த வானத்தில் ஓட்டிப் பழகிய பைலட்டுகள் குளிர்காலப் பனியில் சிக்கி, சில வாரங்களில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம் எளிது. மேகத்துக்குள் போனால் எது மேல், எது கீழ் என்று உடம்புக்குத் தெரியாது. காது ஒன்று சொல்லும், கருவி வேறொன்று சொல்லும். கருவியைத்தான் நம்ப வேண்டும். புளியரை மலைப்பாதையில் மேகம் இறங்கும்போது கார் ஓட்டியவர்களுக்கு அந்தத் திகைப்பு கொஞ்சம் புரியும். நமக்காவது காலடியில் தார்ச்சாலை இருக்கிறது.

ராணுவ அதிகாரிகள் லிங்கைச் சந்திக்க ஒரு விமானத்தளத்தில் காத்திருந்தார்கள். ஒரே மூடுபனி, ஆள் வர மாட்டார் என்று கிளம்பும் நேரத்தில், கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை இறக்கினார் லிங்க். ஒன்று 3,500 டாலர் வீதம் 6 இயந்திரங்களை ராணுவம் வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 10,000க்கு மேல் தயாராகி, பல லட்சம் பேர் அந்தக் கூண்டில் கற்றார்கள்.

அது வீட்டுக்கு வந்தது கம்ப்யூட்டரால். புரூஸ் ஆர்ட்விக் என்ற இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் 1975இல் இதை ஆய்வாக எழுதினார். பிறகு ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு ஒரு சிமுலேட்டர் செய்தார். 1982இல் மைக்ரோசாஃப்ட் அதை வெளியிட்டது. அன்று மலை என்றால் நாலு கோடுதான். 2020இல் வந்த பதிப்பில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் விரித்துவிட்டார்கள். 2001இல் தொடங்கிய வாட்சிம் அமைப்பில் தன்னார்வலர்கள் கட்டுப்பாட்டு அறையில் இருப்பதுபோல இணையத்தில் நம்மோடு பேசுவார்கள். அவர்கள் சொன்ன உயரத்தை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் நாள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாக மூன்று முறை சொன்னார்.

என் வழக்கமான பயணம் தூத்துக்குடி வாகைகுளத்திலிருந்து தென்காசிக்கு. நேர்கோட்டில் சுமார் 80 கி.மீ.; சின்ன செஸ்னாவில் அரை மணிக்குள் வந்துவிடலாம். சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று மூக்கில் மோதி வேகத்தைக் குறைக்கும். நம் காசி விசுவநாதர் கோபுரம் தரையில் வரைந்த படம் போலத் தெரிகிறது. குற்றால அருவிக்குச் சத்தம் இல்லை, சாரல் நனைக்காது. திரும்பி இறங்கும்போது கிழக்கே கடல் பக்கம் சுற்றிப் போய், மேற்குக் காற்றை எதிர்த்து 28ஆம் எண் ரன்வேயில் இறங்க வேண்டும். 28 என்றால் திசைகாட்டியில் ஏறத்தாழ 280 பாகை, அதாவது மேற்கு. இதுவரை எத்தனை முறை தரையில் மோதினேன் என்று கணக்கு வைக்கவில்லை.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் தலைமைக் காசாளர் ஒரு வெள்ளைத்தாள் கட்டைக் கொடுத்து, "நோட்டு எண்ணிப் பழகு" என்றார். ஒரு வாரம் எண்ணினேன். விரல் பழகியது. ஆனால் உண்மையான பணம் கைக்கு வந்த அன்று, ஒரு நோட்டு குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்களே என்று அதே விரல் நடுங்கியது. சிமுலேட்டர் அந்த வெள்ளைத்தாள் கட்டு. விமான நிறுவனங்களின் பைலட்டுகளே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய சிமுலேட்டரில் என்ஜின் நிற்பதையும் தீப்பிடிப்பதையும் சமாளித்துக் காட்ட வேண்டும். தப்பு செய்து பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் வணிக பைலட் உரிமத்துக்கு நிஜமாகப் பறந்த மணிக்கணக்குதான் கேட்கிறார்கள், 200 மணி நேரம். வீட்டில் ஓட்டிய 300 மணியில் ஒரு நிமிடம்கூட அந்தக் கணக்கில் வரவு வைக்கப்படாது.

அதனால் சொன்னேன்: "பையன் படித்தது வீண் இல்லை. ஆனால் முதலில் மருத்துவப் பரிசோதனை. கண்ணோ காதோ தகுதி இல்லை என்று பிறகு தெரிந்தால் கட்டிய பணம் போச்சு. அடுத்து, ஒரு நாள் நிஜ விமானத்தில் ஏறிப் பார்க்கட்டும். அடகு அதற்குப் பிறகு."

பையனுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டான். வீட்டுப் பத்திரம் இன்னும் அவர்கள் பீரோவில்தான் இருக்கிறது.

ஆர்வமுள்ள பிள்ளைகள் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வரலாம். ஜாய்ஸ்டிக் ஒன்றுதான் இருக்கிறது. முறை வைத்து ஓட்டலாம். பெரியவர்களும் வரலாம், கூச்சப்பட வேண்டாம்.