லினக்ஸ் முறைமையும் நச்சுநிரற் காப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

லினக்ஸ் முறைமையை நச்சுநிரல்கள் அணுகா என்பது பரவலாக நிலவும் நம்பிக்கையாகும். இந்நம்பிக்கை உடையோர் காப்பு மென்பொருள் எதனையும் நாடுவதில்லை. ஐயுறுவோரோ கிடைத்த ஒன்றை நிறுவி அமைதி கொள்கின்றனர். இவ்விரு நிலைகளும் வரலாற்றை நோக்காமையின் விளைவுகளே. எந்த மென்பொருளைத் தேர்வது என்று வினவுமுன், அது யாரை, எதனிலிருந்து காக்க வேண்டும் என்று வினவுதல் வேண்டும்.

லினக்ஸ் தோன்றுமுன்னரே அதன் முன்னோடியான யுனிக்ஸ் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 1983 இல் தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழக மாணவர் பிரெட் கோகன் தம் நச்சுநிரற் பரிசோதனையை யுனிக்ஸ் கணனியிலேயே நிகழ்த்தினார். நச்சுநிரல்கள் அனைத்தையும் பிழையின்றிக் கண்டறியும் வழிமுறை எதுவும் இருத்தல் இயலாது என நிறுவியவரும் அவரே. 1988 நவம்பர் 2 ஆம் திகதி, கோர்ணெல் பல்கலைக்கழக மாணவர் ரொபேட் மொறிஸ் விடுத்த புழுநிரல் ஏறத்தாழ 6,000 கணனிகளைப் பாதித்ததாக மதிப்பிடப்பட்டது. சேவை மென்பொருள்களின் வழுக்களும் எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களுமே அதற்கு வழியமைத்தன.

1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் லினக்ஸைத் தோற்றுவித்தார். சாதாரண பயனரின் உரிமையையும் நிருவாகியின் உரிமையையும் வேறுபடுத்தும் யுனிக்ஸ் மரபு அதிலும் தொடர்ந்தது. 1996 இல் ஸ்டாவோக், 1997 இல் பிளிஸ் ஆகிய நச்சுநிரல்கள் தோன்றியும் பரவாமைக்கு இம்மரபும் ஒரு காரணமாகும். எனினும் வலையமைப்பை நோக்கித் திறந்திருந்த சேவைகளை அது காக்கவில்லை. 2002 செப்டெம்பரில் பரவிய சிலாப்பர் என்னும் புழுநிரல் இதற்குச் சான்று. அது பயன்படுத்திய வழுவுக்கான திருத்தம் ஜூலை இறுதியிலேயே வெளியாகியிருந்தது. திருத்தத்தை நிறுவாத சேவையகங்களே வீழ்ந்தன.

அவ்வாறாயின் லினக்ஸில் நச்சுநிரல் வருடிகள் தோன்றியமை எதற்காக? 1999 இல் மெலிசா, 2000 இல் 'ஐ லவ் யூ' ஆகியன மின்னஞ்சல் வழியாக விண்டோஸ் கணனிகளைத் தாக்கின. அவ்வஞ்சல்களைக் கடத்திய சேவையகங்கள் பல யுனிக்ஸ், லினக்ஸ் வகையின. 2002 இல் போலந்தைச் சேர்ந்த தோமாஸ் கொய்ம் வெளியிட்ட கிளாம்ஏவி என்னும் இலவச வருடி, இத்தகைய அஞ்சல் வாயில்களிலேயே பெரிதும் நிலைபெற்றது. அது வீட்டுக்காரனுக்கன்றி விருந்தினருக்குக் காவல் நின்றது எனலாம். விண்டோஸ் பயனருக்கு அஞ்சலும் கோப்பும் வழங்கும் நிறுவனத்திற்கு அது இன்றும் தக்க தெரிவாகும்.

லினக்ஸ் முறைமையையே காக்கும் முயற்சி வேறொரு வழியிற் சென்றது. 1992 இல் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் உருவான டிரிப்வயர், நச்சுநிரல்களின் அடையாளங்களைத் தேடவில்லை; முறைமைக் கோப்புகள் மாற்றமுற்றனவா என்பதையே ஒப்புநோக்கிற்று. அறியப்படாத பகையையும் அதன் சுவட்டால் அறியலாம் என்பதே இதன் அடிப்படை.

அண்மைக்கால நிகழ்வுகளும் இவ்வுண்மையை வலியுறுத்துகின்றன. 2016 இல் மிராய், மாற்றப்படாத தொடக்கக் கடவுச்சொற்களைக் கொண்டே லினக்ஸில் இயங்கும் கமராக்களையும் வழிப்படுத்திகளையும் கைப்பற்றியது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் மென்பொருளினுள் மறைக்கப்பட்ட இரகசிய வாயிலை வெளிப்படுத்தியது வருடி அன்று; உள்நுழைவில் ஏற்பட்ட அரை வினாடித் தாமதத்தை அலட்சியம் செய்யாத அன்ட்ரெஸ் பிராயின்ட் என்னும் பொறியியலாளரே.

மேற்கூறியவற்றால், வருடி வேண்டாப் பொருள் என்பது பெறப்படவில்லை. பிறர்க்குக் கோப்பு வழங்குவோர் அதனைத் தேர்க. தம் முறைமையைக் காக்க விழைவோர் திருத்தங்களையும் கடவுச்சொற்களையும் கோப்புகளின் மாற்றங்களையும் முதற்கண் கவனிக்க. முழுமையான காவல் இயலாது என்பதைக் கோகன் அன்றே காட்டினார். அவ்வுண்மையை மறந்து நிறுவப்படும் மென்பொருள், காவலுக்குப் பதிலாக உறக்கத்தையே தரும்.