நைஜர் நதிக்கரையின் நரம்பிசை

அடிமைகளாக அட்லாண்டிக் கடலைக் கடந்த மேற்கு ஆப்பிரிக்கருள் முஸ்லிம்களும் பலர் இருந்தனர். அவர்களுள் ஒருவரான உமர் இப்னு சயீத், அமெரிக்காவில் அடிமையாக இருந்துகொண்டே 1831இல் தம் வரலாற்றை அரபியில் எழுதினார். அதை ஸூரத்துல் முல்க்கைக் கொண்டு தொடங்கினார். ஆட்சியும் உடைமையும் எவனுக்குரியவை என்பதை உணர்ந்த உள்ளம் அது. எழுத வாய்க்காதோரின் சந்ததியர் மிசிசிப்பிப் பருத்திக் காடுகளில் தம் துயரைப் பாடினர். அப்பாட்டே பின்னர் ‘புளூஸ்’ எனப் பெயர் பெற்றது. அதன் இழைந்து குழையும் குரலில் ஸாஹில் நாட்டு முஸ்லிம்களின் ஓதல் முறையின் சாயலைக் கேட்கும் ஆய்வாளர் உளர்.

இவ்வுறவைத் தம் விரல்களால் எடுத்துக்காட்டியவர், மாலி நாட்டின் மர்ஹூம் அலீ ஃபர்கா தூரே. 1939இல் நைஜர் ஆற்றங்கரையில் பிறந்தார். தாய்க்குப் பத்தாம் பிள்ளை. முன்பிறந்த ஒன்பதும் மழலையிலேயே மறைந்தன. ‘ஃபர்கா’ என்றால் கழுதை. பிள்ளை தங்காத வீட்டில் ‘பிச்சை’ என்று பெயரிடும் நம்மூர்த் தாய்மாருக்கு இதன் பொருள் விளங்கும். தந்தை பிரெஞ்சுப் படையில் மடிந்தார். குடும்பம் நியாஃபுங்கே என்னும் ஊரில் குடியேறியது.

அங்கே இசை, பாணர் குலத்தாரின் தொழில். அலீயோ உயர்குடியினர், வீட்டார் விரும்பவில்லை. ஆயினும் ஒற்றை நரம்புக் கருவியைத் தாமே பயின்றார். 1956இல் கினியா நாட்டுக் கலைஞர் கெய்த்தா ஃபொதேபாவின் நிகழ்ச்சியைக் கண்டபின், அவர் மனம் கிதார்மீது சென்றது. வாகனம் ஓட்டினார், பின்னர் மாலி வானொலியில் ஒலிப்பதிவாளராகப் பணி செய்தார். 1968இல் பல்கேரியா சென்றபோதுதான் சொந்தமாகக் கிதார் ஒன்று வாங்கினார்.

அமெரிக்கக் கலைஞர் ஜான் லீ ஹூக்கரின் இசைத்தட்டை முதன்முதல் கேட்டபோது, இது நம் மண்ணின் இசையல்லவா என வியந்தார். வேரும் அடிமரமும் இங்கே, கிளையும் இலையும் அங்கே என்பது அவர் வாதம். சோங்காய், ஃபுலானி, துவாரெக் மக்களின் பண்களை ஒரே கிதாரில் இசைத்தார், அம்மொழிகளிலேயே பாடினார். அமெரிக்கர் ரை கூடருடன் இணைந்து வழங்கிய ‘டாக்கிங் திம்புக்டு’ (1994) கிராமி விருது பெற்றது. மாண்டிங்கு மரபின் கோரா யாழ் வல்லார் தூமானி தியாபாத்தேயுடன் 2005இல் அளித்த இசைத்தட்டுக்கும் அவ்விருது கிட்டியது.

புகழ் வந்தும் அவர் தம்மை உழவர் என்றே சொல்லிக்கொண்டார். 2004இல் நியாஃபுங்கேயின் மேயராகித் தம் பணத்தில் சாலையும் வாய்க்காலும் அமைத்தார். ஐவேளைத் தொழுகையாளர், ஆயினும் ஆற்றில் உறையும் ஜின்களைப் பற்றி அவர் பேசியவை நமக்கு உடன்பாடல்ல.

நரம்புக் கருவிகள் பற்றி உலமாக்களிடையே நெடிய வழக்குண்டு. ஸமாஃவை ஆகுமாக்கிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் ‘இஹ்யா’வில் அவற்றை விலக்கியே வைத்தார்கள். கிதாபுகளை விரித்து அமர்ந்து பேச வேண்டிய வழக்கு அது. 2012இல் வட மாலியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுவினரோ துப்பாக்கி முனையில் இசையைத் தடுத்தனர். நியாஃபுங்கேயும் அதற்குத் தப்பவில்லை. அதைக் காண அலீ இல்லை. எலும்புப் புற்றுநோயால் 2006 மார்ச்சில் பமாக்கோவில் வஃபாத்தாகி, தம் ஊர் மண்ணிலேயே அடங்கியிருந்தார்.

மகன் வியூ இசைக்கு வருவதை அவரும் விரும்பவில்லை; பட்டாளத்துக்கு அனுப்பவே எண்ணியிருந்தார். எனினும் மகனின் முதல் இசைத்தட்டில், நோயுற்ற நிலையிலும் உடனிருந்து கிதார் வாசித்தார்.