யார் முறை?

எந்த ஆட்டத்தை வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளுங்கள். யார் ஜெயித்தார்கள் என்பதில் சண்டை கிளம்புவது அபூர்வம். இப்போது யார் முறை என்பதில்தான் கிளம்பும். தாயக்கட்டம் ஆடும் பாட்டிமார்கள், விழுந்த தாயத்துக்கு இன்னொரு போடு உண்டா இல்லையா என்று ஒரு மத்தியானம் முழுவதும் வாதாடுவதை நான் கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டில் முந்நூற்று நான்கு ஆட உட்காரும் ஜமா, துருப்பை எப்போது திறக்கலாம் என்ற ஒரே கேள்வியில் சம்பந்திகளைக் கூடப் பிரித்து விடும். கேரம் பலகையில் சிவப்பைப் போட்டவன் அடுத்த அடியிலேயே ‘ஃபாலோ’ போட்டாக வேண்டும்; தவறினால் சிவப்பு மறுபடி நடுவில் வந்து உட்கார்ந்து கொள்ளும். அதற்கு எழுந்த கூச்சலைக் கேட்டு அடுத்த வீட்டார் எட்டிப் பார்க்காத தெரு நம் ஊர்களில் உண்டோ?

எது முந்தி, எது பிந்தி, எத்தனை அடி வரையில் என் உரிமை, எந்தக் கணத்தில் அது உன் கைக்குப் போகிறது - இந்த நாலு கேள்விக்கும் பதில் கிடைத்து விட்டால் ஆட்டம் பிறந்து விட்டது என்று சொல்லலாம். அப்படி உலகம் முழுவதும் பரவிய ஓர் ஆட்டத்தின் வரிசை விதிகள் நம்முடைய நீலகிரி மலையில், ஊட்டியில், ஒரு கிளப்பின் சுவரில் ஒட்டப்பட்டன என்பது நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதி. அந்த ஆட்டத்துக்கு ஸ்நூக்கர் என்று பெயர்.

கதை ஜபல்பூரில் ஆரம்பிக்கிறது. 1875-ஆம் வருஷம், மழைக்காலம். டெவன்ஷயர் பட்டாளத்து அதிகாரிகள் வெளியே போக வழியில்லாமல் மெஸ்ஸிலிருந்த பில்லியர்ட் மேஜையைச் சுற்றி அடைந்து கிடந்தார்கள். அவர்களில் ஒருவர் நெவில் ஃபிரான்ஸிஸ் சேம்பர்லின் என்ற பத்தொன்பது வயது வாலிபர். பிற்பாடு பிரதம மந்திரியாகி ஹிட்லரிடம் ஏமாந்து திரும்பிய சேம்பர்லின் இவரல்ல, பெயர்தான் ஒன்று.

அப்போது அந்த மேஜையில் காசு வைத்து ஆடும் ஆட்டங்கள் சில வழக்கத்தில் இருந்தன. ‘பிரமிட்ஸ்’ என்பதில் பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி, ஒவ்வொன்றாகப் பையில் தள்ள வேண்டும். ‘லைஃப் பூல்’ என்பது வேறு மாதிரி. அதில் ஆளுக்கு ஒரு நிறம், ஆளுக்கு மூன்று உயிர். சிவப்புக்காரன் வெள்ளையைத்தான் அடிக்க வேண்டும், மஞ்சள்காரன் சிவப்பை அடிக்க வேண்டும் என்று நிறத்தை வைத்தே முறை ஓடும். ‘பிளாக் பூல்’ என்ற மூன்றாவது ஆட்டத்தில் ஒரு கறுப்புப் பந்தும் சேர்ந்து கொண்டது. தன் இலக்கை வீழ்த்தியவனுக்கு, கறுப்பையும் அடித்துப் பார்க்க இன்னொரு அடி இனாம்.

இந்த இனாம் அடிதான் வித்து. சேம்பர்லினும் தோழர்களும் பிரமிட்ஸின் பதினைந்து சிவப்பையும் எடுத்துக் கொண்டு, பூல் ஆட்டத்தின் வர்ணப் பந்துகளையும் மேஜையில் பரப்பினார்கள். முதலில் சில வர்ணங்கள்தாம். நீலமும் பழுப்பும் பின்னால் வந்து சேர்ந்தவை. பெயர் கிடைத்த விதமும் வேடிக்கை. இங்கிலாந்தில் வுல்விச் என்ற இடத்து ராணுவப் பயிற்சிப் பள்ளியில், புதிதாகச் சேர்ந்த முதல் வருஷத்துப் பையன்களை ‘ஸ்நூக்கர்’ என்று கேலி செய்வது வழக்கமாம். நம் காலேஜ் ஹாஸ்டல்களில் புதுப்பையனுக்கு இல்லாத பெயரா! கைக்கெட்டிய பந்தைக் கோட்டை விட்ட ஒருவரைச் சேம்பர்லின் அந்தப் பெயரால் அழைத்தார். அவர் முகம் சுருங்கியதைக் கண்டு, இந்த ஆட்டத்தைப் பொறுத்தவரையில் நாம் எல்லோருமே ஸ்நூக்கர்கள்தாம் என்று சமாதானமும் சொல்லி வைத்தார். பெயர் ஒட்டிக் கொண்டது.

ஆனால் ஒரு மெஸ்ஸில் ஆடுகிற ஆட்டம் அந்த மெஸ்ஸின் ஞாபகத்தில் மட்டுமே வாழும். நாலு பேர் மாற்றலாகிப் போனால் விதியும் மூட்டை கட்டிக் கொண்டு போய் விடும். பட்டாளத்தில் மாற்றலுக்கா பஞ்சம்? சேம்பர்லினே ஆப்கன் யுத்தத்துக்குப் போய்க் காயம் பட்டார். பிறகு, 1881-ல் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக வந்த ஃபிரடெரிக் ராபர்ட்ஸின் கீழ் வேலை பார்த்தார். கோடை வந்தால் தளபதி ஊட்டிக்கு ஏறுவார். சேம்பர்லினும் கூடவே ஏறுவார்.

அந்த நாளில் ஊட்டிக்கு ஏறுவது சாமான்யமல்ல. மேட்டுப்பாளையத்தோடு ரயில் நின்று விடும். மலை ரயில் குன்னூருக்கு வந்தது 1899-ல். ஊட்டியை எட்டியது 1908-ல். ஆனால் மனிதர் ஏறுவதற்கு முன்பே பில்லியர்ட் மேஜை ஏறி விட்டது. பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம், துணிக்கு அடியில் கற்பலகை, ஒரு டன்னுக்கு மேல் கனம். மாட்டு வண்டியும் மனிதத் தோள்களும்தாம் அதைக் கொண்டை ஊசி வளைவுகளில் மேலே சேர்த்திருக்க வேண்டும். வந்து சேர்ந்த இடம் ஊட்டி கிளப். 1830-களின் ஆரம்பத்தில் சர் வில்லியம் ரம்போல்டு கட்டிய வெள்ளைத் தூண் மாளிகையில் 1841-ல் ஏற்பட்ட சங்கம் அது.

கோடையில் அங்கே பல பட்டாளத்து அதிகாரிகளும், தோட்டத் துரைமார்களும், சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் கூடினார்கள். ஒருவருக்கொருவர் புதியவர்கள். ஆளுக்கு ஒரு வழக்கம் சொன்னால் ஆட்டம் எப்படி நடக்கும்? ஆகவே விதிகளை ஒழுங்காக எழுதி பில்லியர்ட் அறைச் சுவரில் ஒட்டினார்கள். வழக்கமாகச் சொல்லும் வருஷம் 1882. ஞாபகத்திலிருந்த ஆட்டம் காகிதத்துக்கு வந்தது அங்கேதான். ஜபல்பூர் பெற்றது, ஊட்டி ஜாதகம் எழுதியது.

இனி அந்த வரிசையைச் சற்று கவனியுங்கள். இன்று ஆடுகிற முறைப்படியே சொல்கிறேன். முதலில் ஒரு சிவப்பைப் பையில் போட வேண்டும்; அதற்கு ஒரு புள்ளி. போட்டால்தான் வர்ணப் பந்தைத் தொட உரிமை. மஞ்சளுக்கு இரண்டு, பச்சைக்கு மூன்று, பழுப்புக்கு நாலு, நீலத்துக்கு ஐந்து, இளஞ்சிவப்புக்கு ஆறு, கறுப்புக்கு ஏழு. வர்ணம் விழுந்ததும் அதை எடுத்து அதற்குரிய புள்ளியில் திரும்ப வைக்க வேண்டும். வைத்த பிறகே அடுத்த அடி. அதன் இடத்தில் வேறு பந்து நின்றால், காலியாக உள்ள இடங்களில் எது மிக உயர்ந்ததோ அங்கே வைக்க வேண்டும். மறுபடி சிவப்பு, மறுபடி வர்ணம். தவறினால் முறை மாறும். சிவப்பெல்லாம் தீர்ந்த பிறகு மஞ்சளிலிருந்து கறுப்பு வரையில் ஏறுவரிசையில் போட வேண்டும். அப்போது விழுந்தது விழுந்ததுதான், திரும்பி வராது. ஒருவன் தப்பாட்டம் ஆடினால், எதிராளி தானே ஆடலாம், அல்லது தப்புச் செய்தவனையே ‘இன்னொரு தரம் நீயே ஆடு’ என்று நிறுத்தி வைக்கலாம். முறை என்பது சில சமயம் வரமில்லை, தண்டனை என்று கண்டுபிடித்த மூளையை நான் மெச்சுகிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மேஜையிலுள்ள பந்துகளை ஒவ்வொரு தடவை மட்டும் எண்ணினால் சிவப்புக்கு 15, வர்ணங்களுக்கு 27, மொத்தம் 42 புள்ளி. ஆனால் விதிப்படி ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் கறுப்பைப் போட்டுக் கொண்டே போனால் 120. கடைசி 27-ஐயும் சேர்த்தால் 147. பந்து ஒன்று கூட அதிகமாகவில்லை. 42-ஐ 147 ஆக்கியது வரிசை ஒன்றுதான். சமையலும் சங்கீதமும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மிளகாயும் புளியும் எல்லோர் வீட்டிலும் உண்டு. எதை எப்போது போடுவது என்று தெரிந்த கைக்குத்தான் ரஸம் ரஸமாகிறது. அந்த 147-ஐ அதிகாரபூர்வமாக முதலில் எட்டியவர் ஜோ டேவிஸ், வருஷம் 1955.

1885-ல் சீமையின் பில்லியர்ட் நிபுணர் ஜான் ராபர்ட்ஸ் கல்கத்தாவுக்கு வந்தபோது, கூச் பிஹார் மகாராஜாவின் விருந்தில் சேம்பர்லினைச் சந்தித்து விதிகளைக் கேட்டுக் கொண்டு போனார். அங்கே ஆட்டம் வளர்ந்தது. 1927-ல் உலகப் போட்டியே நடந்தது. பெற்றவரை மட்டும் மறந்து விட்டார்கள். வுல்விச் பள்ளியில் பிறந்த ஆட்டம் அது என்று சிலர் எழுதவும், எண்பது கடந்த சேம்பர்லின் 1938-ல் ‘தி ஃபீல்டு’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் தம் உரிமையை நாட்டினார். அறுபத்து மூன்று வருஷம் கழித்து! மறு வருஷம் அவருக்காக வழக்காடியவர் காம்ப்டன் மெக்கன்ஸி என்ற நாவலாசிரியர். கதை எழுதுகிறவனும் எப்போதாவது சரித்திரத்துக்கு உபகாரம் செய்கிறான் என்று நாங்கள் பெருமைப்பட்டுக் கொள்ள இது ஒன்று போதும்.

ஆனால் பெற்றவர் பெயரை நிலைநாட்டியதோடு என் மனம் அடங்கவில்லை. பில்லியர்ட் அறையில் எப்போதும் இன்னொருவர் உண்டு, மார்க்கர் என்பார்கள். நம் நாட்டுக் கிளப்புகளில் அவர் பெரும்பாலும் இந்தியர். புள்ளி சொல்வதும், விழுந்த வர்ணத்தை எடுத்து இடம் பார்த்து வைப்பதும், இது இன்னார் முறை என்று ஞாபகப்படுத்துவதும் அவர் வேலை. அறையிலேயே வரிசை முழுவதும் அறிந்தவர் அவர். அவருக்கு மட்டும் அந்த வரிசையில் இடமில்லை. வெள்ளைக்காரக் கிளப்பில் இந்தியருக்கு முறை வராது. சுவரில் ஒட்டிய விதிகளில் அதை எழுதும் அவசியம் கூட இருக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்த விதி அது. எந்தச் சமூகத்திலும் எழுதிய விதி, ஆடுகிறவர்களை நியாயமாக நடத்தும். யார் ஆடலாம் என்பதைப் பெரும்பாலும் எழுதாத விதிதான் தீர்மானிக்கும். நம் ஊர்க் கோயில் வாசலும் பொதுக் கிணறும் இதற்கு வேறு சாட்சி தேடச் சொல்லவில்லை.

நல்ல வேளையாக, காகிதத்தில் ஏறிய விதிக்கு ஒரு குணம் உண்டு: படிக்கத் தெரிந்த எவனுக்கும் அது சொந்தமாகி விடும். 1958-ல் கல்கத்தாவில் வில்ஸன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். ஸ்நூக்கரில் அந்த நாள் 1984-ல் வந்தது. ஓம் அகர்வால் உலக அமெச்சூர் சாம்பியன் ஆனார். போட்டி நடந்த ஊர் அயர்லாந்தின் டப்ளின். அங்கேதான் நம் சேம்பர்லின் அயர்லாந்து போலீஸின் தலைவராகப் பதினாறு வருஷம் இருந்து, 1916-ல் ஐரிஷ்காரர்களின் ஈஸ்டர் கிளர்ச்சிக்குப் பிறகு உத்தியோகத்தை விட்டு இறங்கினார். ஐரிஷ்காரர்களுக்கும் முறை வந்தது, நமக்கும் வந்தது.