நிலவிலிருந்து வந்த எதிரொலி

1946ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜான் டிவிட் தலைமையிலான ராணுவப் பொறியாளர்கள், போர்க்கால ரேடார் ஒன்றை மாற்றியமைத்து உதயமாகும் நிலவை நோக்கித் திருப்பினர். முற்பகல் 11.58 மணிக்கு முதல் எதிரொலி பதிவானது. அனுப்பிய வானொலி அலை சுமார் 3,84,000 கிலோமீட்டர் சென்று, நிலவில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ இரண்டரை விநாடி. அடுத்த மாதமே ஹங்கேரியில் சோல்டான் பாய் குழுவினரும் இதைச் சாதித்தனர்.

ரேடாருக்குச் சூரிய வெளிச்சம் தேவையில்லை. அதனால்தான் விஞ்ஞானிகளின் பார்வை நிலவின் துருவங்கள் மீது விழுந்தது. அங்குள்ள சில பள்ளங்களின் அடியில் வெயில் படுவதே இல்லை. அந்தக் கடுங்குளிரில் பனிக்கட்டி கோடிக்கணக்கான ஆண்டுகள் உருகாமல் கிடக்கக்கூடும் அல்லவா?

1994ஆம் ஆண்டு கிளமென்டைன் விண்கலம் தென்துருவத்தின் மீது வானொலி அலைகளைப் பாய்ச்சியது. பூமியில் பிடிக்கப்பட்ட எதிரொலியை ஆராய்ந்தவர்கள், 1996ல் பனிக்கட்டி இருக்கலாம் என்று அறிவித்தனர். உலகமே பரபரப்படைந்தது. ஆனால் போர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ ரேடாரைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் 1997ல் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினர். பனிக்கட்டி நிலைக்கவே முடியாத, வெயில் படும் இடங்களிலிருந்தும் அதே மாதிரியான எதிரொலி வந்தது! காரணம், கரடுமுரடான பாறைக் குவியலும் அலைகளைப் பலமுறை சிதறடித்து, பனிக்கட்டியைப் போலவே திருப்பி அனுப்பும்.

பாறையா, பனியா? எப்படிப் பிரித்தறிவது?

2008ல் இந்தியா சந்திரயான்-1 விண்கலத்தை ஏவியது. அதன் திட்ட இயக்குநர் பொள்ளாச்சி வட்டாரத்தைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை. அதில் இடம்பெற்ற அமெரிக்காவின் மினி-சார் ரேடார் வடதுருவத்தை ஆராய்ந்தது. புதிதாக உருவான பள்ளத்தில் பாறைகள் உள்ளேயும் வெளியேயும் சிதறிக் கிடப்பதால், எதிரொலி இரு இடங்களிலும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் 40க்கும் மேற்பட்ட பள்ளங்களில் அந்த எதிரொலி உள்ளே மட்டுமே வலுவாக இருந்தது. அவற்றில் குறைந்தது 60 கோடி டன் பனிக்கட்டி இருக்கலாம் என 2010ல் மதிப்பிடப்பட்டது.

இதையும் ஏற்காதவர்கள் உண்டு. பள்ளத்தின் சரிவுகளில் கிடக்கும் பாறைகளே காரணம் என்பது அவர்கள் வாதம். மறுபுறம், 2009ல் ராக்கெட் பாகம் ஒன்றைத் தென்துருவப் பள்ளத்தில் மோதவிட்டபோது, எழுந்த புழுதியில் நீர் இருப்பது தெரிந்தது. மண்ணில் துகளாகக் கலந்த பனி ரேடாரின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

நிலவில் தங்கப்போகிறவர்களுக்குக் குடிநீரும் சுவாசக் காற்றும் இந்தப் பனியிலிருந்தே கிடைக்க வேண்டியிருக்கும். அங்கே பாறைதான் கிடக்கிறது என்றால் திட்டமே தடுமாறும். எதிரொலி வந்து சேர இரண்டரை விநாடி போதும். அது சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ளத்தான் காலம் பிடிக்கிறது.