நகரத்தார் வணிகமும் சொந்த ஊர்ப் பற்றும்

ஒரு நிறுவனத்தை நடத்துபவரின் சொந்த ஊர்ப் பற்று அந்நிறுவனத்தின் முடிவுகளிலும் இடம்பெறுவது உண்டு. தொழில் மந்தமான காலத்தில், தலைமை அதிகாரி வளர்ந்த ஊருக்கு அருகிலிருந்த கிளைகளில் ஆள்குறைப்பும் ஊதியக் குறைப்பும் குறைவாகவே நடந்தன என்று 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கூறுகிறது. தமிழ்நாட்டில் இதற்கு நல்ல சான்று நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வணிகமாகும்.

திருவண்ணாமலைக்கு வருவோர் இங்குள்ள நகரத்தார் சத்திரத்தைப் பார்த்திருப்பர். அருணாசலேசுவரர் கோயில் திருப்பணியிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. எனினும் இது அவர்கள் ஊர் அன்று. காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாடே அவர்கள் ஊர்.

19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் நகரத்தார் லேவாதேவிக் கடைகளை நடத்தினர். கடை எங்கிருந்தாலும் முதலாளி வீடும் கணக்கின் முடிவும் செட்டிநாட்டில்தான். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக உயர்ந்தவர்களும் பெரும்பாலும் அவ்வூர்களைச் சேர்ந்தவர்களே. முகவர் மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறுவார். குடும்பம் ஊரிலேயே இருக்கும். கடல் கடந்த கடையில் ஒருவர் நாணயம் தவறினால் ஊரில் அவர் வீட்டாருக்குத் தலைகுனிவு. இன்றைய தணிக்கை முறை செய்யும் வேலையை அன்று ஊர்ப்பேச்சே செய்தது என்பது என் கருத்து. வருவாயில் ஒரு பகுதியை ‘மகமை’ என்று ஒதுக்கிப் பேரேட்டில் தனிக் கணக்காக எழுதினர். கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் அதிலிருந்து பணம் சென்றது.

நவீன நிறுவனங்கள் வந்த பின்னும் இந்தப் பழக்கம் மாறவில்லை. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கினார். அயல்நாட்டு வணிகத்துக்கான அவ்வங்கி சென்னை, ரங்கூன் ஆகிய பெருநகரங்களோடு காரைக்குடியிலும் அதே நாளில் கதவைத் திறந்தது. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் பக்கத்திலுள்ள காரைக்குடியில் 1947இல் கல்லூரி தொடங்கினார். மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகம் அங்கு அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். துறைமுகமோ பெருந்தொழிலோ இல்லாத ஊருக்குத் தேசிய ஆய்வகம் வந்ததற்கு இந்தக் கொடை முக்கியக் காரணம்.

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. செட்டிநாட்டு மாளிகைகளைக் கட்டிய பணத்தில் பெரும்பகுதி பர்மிய உழவர் செலுத்திய வட்டி. 1930க்குப் பின் நெல் விலை சரிந்ததும் அவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், 1937க்குள் சுமார் 25 விழுக்காடாயிற்று. நகரத்தார் விரும்பியது நிலத்தை அன்று, பணத்தைத்தான். ஆனால் நிலம் இழந்த உழவருக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்? தங்கள் நெல்லில் விளைந்த செல்வம் வேறோர் ஊருக்குப் போகிறது என்ற கசப்பு அங்கே வளர்ந்தது.

1942இல் சப்பானியர் படையெடுப்பால் நகரத்தார் பலர் வெறுங்கையோடு திரும்பினர். சுதந்திர பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. வரவு நின்றதும் பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியாமல் பல குடும்பங்கள் கதவுகளையும் தூண்களையும் விற்றன. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த அந்தத் தேக்கு வேலைப்பாடுகளைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இன்றும் காணலாம்.