கொழுகொழு குழந்தையும் கொழுப்பு அணுக்களும்



பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால், வீட்டுக்கு வருகிறவர்கள் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பார்கள். கண் பட்டுவிடுமோ என்று தாய் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள். அதில் குற்றமில்லை. அரை வயிற்றோடு பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமாருக்குப் பிள்ளையின் சதைப்பிடிப்பே பஞ்சம் தீர்ந்ததற்குச் சான்று. ஆனால் அந்தச் சதைக்குள் நடப்பதை ஆராய்ந்தவர்களின் வரலாறு ஒன்று உண்டு. இன்று அதனைக் காண்போம்.

தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றைச் சிறு பைகள் என்று வைத்துக்கொள்ளலாம். உண்டது மிஞ்சினால் பை உப்பும். உணவு குறைந்தால் சுருங்கும். அப்படியானால், பருத்தவர் உடலில் பைகள் பெரியவையா, அல்லது அவற்றின் எண்ணிக்கையே அதிகமா?

1960ஆம் ஆண்டுகளில், நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜூல்ஸ் ஹிர்ஷ் என்ற மருத்துவர் இதை ஆராய முற்பட்டார். ஊசியால் தோலடிக் கொழுப்பைச் சிறிது எடுத்து, அதிலுள்ள அணுக்களை எண்ணினார். மிகவும் பருத்தவர்களிடம் பைகளும் பெரியவை, எண்ணிக்கையும் அதிகம். அவர்கள் மெலிந்த பின் பைகள் சுருங்கியிருந்தன. எண்ணிக்கை மட்டும் குறையவில்லை.

அவரும் ஜெரோம் நிட்டில் என்பவரும் 1968இல் வெளியிட்ட எலி ஆராய்ச்சி இன்னும் சுவையானது. ஒரு தாய் எலியிடம் சில குட்டிகளை மட்டும் விட்டார்கள். இன்னொன்றிடம் நிறையக் குட்டிகளை விட்டார்கள். பால் தாராளமாகக் கிடைத்த குட்டிகள் வளர்ந்தபோது, அவற்றுக்குக் கொழுப்பு அணுக்கள் கூடுதலாக இருந்தன. இதைக் கேட்டதும், கைக்குழந்தையிலேயே எல்லாம் முடிவாகிவிடுகிறது என்று 1970ஆம் ஆண்டுகளில் பலரும் பேசலாயினர். அது அவசர முடிவு. எலி வேறு, நம் பிள்ளை வேறு.

மனிதரைப் பற்றிய தெளிவு 2008இல்தான் வந்தது. அதற்கு உதவியது எது தெரியுமா? அணுகுண்டு! 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் குண்டுகளை வெடித்துப் பார்த்ததால், காற்றில் கார்பன்-14 என்னும் ஒருவகைக் கரி பெருகியது. பிறகு ஆண்டுக்காண்டு குறைந்தது. அது மரஞ்செடிகளில் ஏறி, சோறு, கீரை வழியாக மனித உடலிலும் புகுந்தது. ஓர் அணு பிறக்கும்போது காற்றிலிருந்த அளவு அதன் மரபுப்பொருளில் பதிந்துவிடும். சுவீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர் இந்த அடையாளத்தை வைத்துக் கொழுப்பு அணுக்களின் வயதைக் கணக்கிட்டனர். ஆண்டுதோறும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இறக்கிறது. அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. எண்ணிக்கை பெருகுவது பிள்ளைப் பருவத்திலும் குமரப் பருவத்திலும்தான். பருமனானவர்களிடம் அந்தப் பெருக்கம் இன்னும் இளவயதிலேயே தொடங்கிவிடுகிறது. வயிற்றில் அறுவை செய்து மெலிந்தவர்களிடமும் இரண்டு ஆண்டுகள் கழித்து எண்ணிக்கை குறையவில்லை.

அதற்காகப் பிள்ளையைப் பட்டினி போடலாகாது. வளர்கிற உடல் அது. எடை மேலும் ஏறாமல் நின்றாலே, உயரம் கூடும்போது உடல் சமனாகிவிடும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் போதும். வளர்ந்த பிள்ளைக்கு, டின் பால் கலந்த தேநீருக்குப் பதில் தண்ணீர். “போதும்மா” என்று வாயை மூடிக்கொண்டால் அடுத்த கவளத்தைத் திணிக்க வேண்டாம். மாலையில் திடலுக்கு அனுப்புங்கள்.

ஓடவிடுவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992இல் ஒரு திட்டம் தொடங்கி, பருத்த மாணவர்களைத் தனியே பிரித்து உடற்பயிற்சி கொடுத்தார்கள். பருத்தவர் தொகை குறைந்தது. ஆனால் பிள்ளைகள் கேலிக்கு ஆளாகிறார்கள் என்ற குறை எழுந்தது. 2007இல் அதைக் கைவிட்டு, எல்லா மாணவருக்கும் பொதுவான திட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

நாமும் ஒரு சிறுவனை மட்டும் கூடுதலாக இரண்டு சுற்று ஓடச் சொன்னதுண்டு. மறுவாரம் விளையாட்டு நேரத்தில், வயிற்றுவலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். இப்போதெல்லாம் வகுப்பே சேர்ந்து ஓடுகிறது, வாத்தியார் உட்பட. அவரே கடைசியாக வந்து சேர்கிறார்.